நாற்பத்து மூன்று அரைப் புள்ளிகள்

கார்த்திகை 2, திங்கள்

சோமவாரம். விளக்கேற்றி, ஒரு பதிகம் பாடி முடித்த பிறகுதான் கணினியைத் திறந்தேன். பாடாமல் திறந்திருந்தாலும் இதே பாடுதான் பட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. சிவனே, மன்னித்துக்கொள்.

எங்கள் ஊர் நகரத்தார் சிவன் கோயிலுக்குத் தை மாதம் குடமுழுக்கு. கோயில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர் சேவுகன் இந்த முறை புள்ளிக் கணக்கைப் புது மென்பொருளில் ஏற்றிவிட வேண்டும் என்கிறார். அதிலிருந்தே அழைப்பிதழ் உறை அச்சாகிவிடுமாம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியைப் பிடித்திருக்கிறார். பட்டியல் இருப்பது என்னிடம். 611 வரி. கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் போய்விட்டால் இருக்கிறவர் அரைப் புள்ளி; போனவர் பெயரும் வரியில் அப்படியே இருக்கும். காலம் காலமாக இதுதான் கணக்கு.

புள்ளிக் கணக்கு நோட்டை எழுதியது என் வீட்டுக்காரர். பக்கத்தில் உட்கார்ந்து எக்செலில் ஏற்றியது நான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள்; எக்செல் நானாக யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டது. போன வருடம் ஆடியில் அவர் தவறிய பிறகு நோட்டும் என் பொறுப்புக்கு வந்துவிட்டது.

கோப்பை அனுப்பி அரை மணி நேரத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து பிருந்தா என்று ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மேடம், உங்க ஃபைல்ல ஸ்பெஷல் கேரக்டர் ரொம்ப இருக்குதுங்க."

"அப்படின்னா என்னாத்தா?"

"எழுத்தும் இல்லாம நம்பரும் இல்லாம இருக்கறதெல்லாங்க. கமா, டாட், கோடு, பிராக்கெட்டு. சிஸ்டம் அதை எடுத்துக்காதுங்க."

"அதெல்லாம் இல்லாம எப்புடித்தா பேரு எழுதுறது?"

"அது உங்க சைடுங்க மேடம்."

என் சைடாம். இருபதாம் தேதிக்குள் ஏற்றியாக வேண்டும். எங்கள் ஆட்கள் அழைப்பு வராமல் சொந்தக் கோயிலுக்கே வரமாட்டார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நிற்கும்.

கார்த்திகை 3, செவ்வாய்

கமா. "12, தெற்கு வீதி" என்று கதவிலக்கத்துக்குப் பின்னால் நான் வைத்த கமாவைப் பார்த்ததும் அந்த மென்பொருள் கத்தியால் வெட்டியது போல் அங்கே கட்டத்தைப் பிரித்துவிடுகிறது. வீதி பெயர் போன் நம்பர் கட்டத்துக்குப் போகிறது. போன் நம்பர் புள்ளிக் கட்டத்துக்குப் போகிறது. மேல வீட்டு மாணிக்கத்துக்குத் தொள்ளாயிரத்து எண்பது கோடிப் புள்ளி காட்டுகிறது. உலகத்தில் அவ்வளவு செட்டியார்கள் கிடையாது.

விலாசத்துக்கு முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி போட்டால் உள்ளே இருக்கும் கமாவைத் தொடாதாம். போட்டேன். மாவு புளித்துப்போனது.

கார்த்திகை 4, புதன்

தமிழ் முழுவதும் தொப்பியும் வாலும் வைத்த இங்கிலீஷ் எழுத்தாகிவிட்டது. நான் எதையும் தொடவில்லை. சேமித்துவிட்டுத் திறந்தேன், அவ்வளவுதான். சேமிக்கும்போது யுடிஎஃப் எட்டு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அதை ஒன்பதாவது வீடியோவில்தான் ஒருவர் சொன்னார். முதல் எட்டு வீடியோக்காரர்களும் எனக்கு வணக்கம் மட்டும் சொன்னார்கள்.

கார்த்திகை 6, வெள்ளி

உதவி செய்கிறேன் என்று பிருந்தாவே உட்கார்ந்து எல்லாக் குறிகளையும் ஒரே அடியில் நீக்கிவிட்டாள். 611 வரி அனுப்பினேன், 608 திரும்பி வந்தது.

மூன்று வீடு எங்கே போயிற்று என்று காலை முழுக்கத் தேடினேன். எங்கள் ஆட்களுக்குப் பெயரைவிட முன்னால் நிற்கும் விலாச எழுத்துதான் முக்கியம். ஊரில் நாலு கதிரேசன் இருப்பான். எந்த வீட்டுக் கதிரேசன் என்பதை அந்த எழுத்தும் அதற்கு நடுவில் வைக்கிற குத்தும்தான் சொல்லும். (குத்து என்றே எழுதுகிறேன். புள்ளி என்ற சொல்லுக்கு இந்த நோட்டில் வேறு வேலை இருக்கிறது.) மு.ரு.லெ. கதிரேசன் வேறு. முரு.லெ. கதிரேசன் வேறு. இருவரும் பேசிக்கொள்வதில்லை, ஒருவர் கார் மற்றவர் வாசலில் நின்றால் பஞ்சாயத்து. குத்தை எடுத்ததும் இரண்டு பேரும் 'முருலெகதிரேசன்' ஆகிவிட்டார்கள். இரட்டைப் பதிவு என்று மென்பொருள் ஒருவரை அழித்துவிட்டது. மற்ற இரண்டு வீடு போனதும் இப்படித்தான்.

பிருந்தாவிடம் சொன்னேன். "டாட்டு அவ்வளவு முக்கியங்களா?" என்றாள்.

"அந்த டாட்டை எடுத்துட்டு ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உக்காத்தி வச்சுப் பாரு, எவ்வளவு முக்கியம்னு தெரியும்."

சிரித்தாள். குத்தை மட்டும் அனுமதிக்கும்படி விதியை மாற்றிக் கொடுத்தாள். நல்ல பெண்தான். ஆனால் அவளுடைய நல்லதனத்துக்குள் ஒவ்வொரு நாளும் என் ஒரு நாள் போய்விடுகிறது.

கார்த்திகை 8, ஞாயிறு

611 வரியும் ஏறிவிட்டது என்று பொரி உருண்டை பிடிக்க உட்கார்ந்தேன். கூட்டுத் தொகையைப் பார்த்தால் இடிக்கிறது.

அரைப் புள்ளிக்காரர்கள் 43 பேர். அவர்களுக்கு நேராக ½ என்று போட்டிருந்தேன். முன்பு ஒரு தடவை 0.5 என்று அடித்தபோது அவர்தான் வேண்டாம் என்றார்: "பரிச்சையில தோத்த பயலோட மார்க்கு மாதிரி இருக்கு உமையா. அரைன்னா அரை மாதிரி இருக்கட்டும்." அந்தக் குறியை எங்கே எடுப்பது என்று தேடிக் கண்டுபிடித்துப் போட்டேன். அதை இந்த மென்பொருள் முதலில் தொப்பி வைத்த ஓர் எழுத்தோடு சேர்த்துக் காட்டியது. பிறகு குப்பை என்று நீக்கிவிட்டது. கட்டம் காலியாகி, காலிக்குப் பதில் பூஜ்யம் விழுந்துவிட்டது.

பூஜ்யம் புள்ளி உள்ள வீட்டுக்கு அழைப்பு அச்சாகாது. 43 பேரும் உயிரோடு இருக்கும்போதே பட்டியலில் இல்லாமல் போய்விட்டார்கள்.

0.5 என்றே போட்டுவிடலாமா என்று கேட்டேன். "அந்தக் கட்டம் முழு நம்பர் மட்டும்தாங்க எடுக்கும். புருசன் பொண்டாட்டி கணக்குல அரை வரும்னு நாங்க நினைக்கலைங்களே" என்றாள்.

எதிர் வீட்டுத் திண்ணப்ப அண்ணன் பேப்பர் வாங்க வந்தவர் கேட்டுக்கொண்டே நின்றார். மலேசியாவில் கடை பார்த்துவிட்டு வந்தவர். மனைவி கண்ணாத்தாள் போய் ஒன்பது வருடம்.

"என்னைய பூஜ்யம்னு போட்டுருச்சா? சரியாத்தான் போட்டுருக்கு. அவ இருந்தப்பவே அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தா."

"அண்ணே, நான் இங்க மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன்."

"பிச்சுக்கங்க ஆச்சி. ஆனா சாப்பாட்டுப் பந்தியில மட்டும் அரையின்னு சொல்லிப் பாதி இலையைப் போட்டுறாதீக."

கார்த்திகை 9, திங்கள்

சோமவாரம். கோயிலுக்குப் போய்ச் சங்காபிஷேகம் பார்த்தேன். வாசலில் சேவுகன் பிடித்துக்கொண்டார். பூஜ்ய விவகாரத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் போகாமல் நின்றார். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"ஆச்சி, இன்னொண்ணு. உங்க வீட்டு வரி இருக்குல்ல, அண்ணன் பேருல, நானூத்திப் பதினெட்டு. அதுல இன்னும் ஒண்ணுன்னே இருக்கு. போன வருசமே மாத்திருக்கணும். நான்தான் உங்கள்ட்ட எப்படிக் கேக்குறதுன்னு…"

"மாத்தணும். முதல்ல அரை ஏறட்டும். ஏறாத அரையைப் போட்டு என்ன செய்யச் சொல்றீக?"

"அதுவும் சரிதான்" என்று போய்விட்டார்.

நியாயமான பதில்தான் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுதிப் பார்த்தாலும் நியாயமாகத்தான் இருக்கிறது.

கார்த்திகை 10, செவ்வாய்

ஒரு வேலையும் ஓடவில்லை. பித்தளைச் சாமான் முழுவதையும் இறக்கிப் போட்டுத் தேய்த்தேன்.

கார்த்திகை 12, வியாழன்

நடுவில் சாய்ந்த கோடு போட்டு 1/2 என்று அடித்தால் எடுத்துக்கொள்ளுமா என்று பார்த்தேன். எக்செல் அதைத் தேதி என்று நினைத்து, பிப்ரவரி ஒன்றாம் தேதி ஆக்கிவிட்டது. 43 பேருக்கும் பிப்ரவரி ஒன்று. அதை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும்படி பூட்டி அனுப்பினேன். அந்தப் பக்கம் மென்பொருள் நடுக்கோட்டை மட்டும் 'குறி' என்று நீக்கியது. மிச்சம் 12.

திண்ணப்ப அண்ணனுக்குப் பன்னிரண்டு புள்ளி.

"பன்னண்டு கண்ணாத்தாளா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆச்சி, ஒருத்திக்கே நாப்பது வருசம் பதில் சொல்லி முடியலை. அந்தப் பொண்ணுக்குப் போனைப் போட்டு நான் கும்புட்டதாச் சொல்லுங்க."

'அரை' என்று எழுத்தில் அடித்துப் பார்த்தேன். எண் கட்டத்தில் எழுத்து ஏறாது. குறி போட்டால் எடுத்துவிடுகிறது, எழுத்துப் போட்டால் தள்ளிவிடுகிறது, எண் போட்டால் தப்பாகிறது. இந்த உலகத்தில் முழுசாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் கட்டம் செய்து வைத்திருக்கிறார்கள். கோபத்தில் மடிக்கணினியை மூடிய வேகத்தில் நகம் பிளந்துவிட்டது.

418ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கார்த்திகை 14, சனி

எங்கள் வீட்டு முகப்பிலேயே கமிட்டி உட்கார்ந்தது. ஏழு பேர், இரண்டு ஈடு காபி. அரை மணி நேரம் கம்பெனியைத் திட்டிவிட்டு, சேவுகன் முடிவு சொன்னார்: "அரையை எல்லாம் ஒண்ணுன்னு போட்டு ஏத்திருங்க ஆச்சி. அழைப்புப் போனாப் போதும். அரை, முழுசு எல்லாம் நோட்டுல இருக்கு, புள்ளி வரி வாங்குறப்பப் பாத்துக்குவோம்."

ஒருவரும் மறுக்கவில்லை. நானும்தான். பட்டியலில் எண்ணை மாற்றினால் உறையில் என்ன அச்சாகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு வாரமாக இந்தக் கோப்போடு கிடப்பவள் நான் ஒருத்திதானே. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

43 அரையும் ஒன்றாக மாற ஒரு நொடி ஆனது. பழைய கோப்பின் நகல் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தேன். பிருந்தா, "பிழை ஏதுமில்லைங்க மேடம், சூப்பருங்க" என்றாள்.

இனி 418ஐ மாற்ற வேண்டிய தேவையே இல்லை. எல்லாமே ஒன்றுதானே.

கார்த்திகை 15, ஞாயிறு

முறுக்குச் சுட்டேன். நன்றாக வந்தது.

கார்த்திகை 21, சனி

முதல் கட்டு நூறு உறை அச்சாகி வந்துவிட்டது. எங்கள் வீதிக்குத்தான் முதலில். கோயில் ஆள் வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

உறையின் மேல் நல்ல கறுப்பில் 'லெ.சித. சாத்தப்பன் – உமையாள் தம்பதியர்' என்று இருக்கிறது. குத்தெல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருக்கிறது. எழுத்து ஒன்றுகூட உடையவில்லை. இவ்வளவு பாடுபட்டதற்கு, அச்சு திருப்தியாக வந்திருக்கிறது.

சாமி அறையில் படத்துக்குக் கீழே வைத்தேன். அழைப்பிதழை அங்கே வைப்பது வழக்கம்தான்.

கார்த்திகை 22, ஞாயிறு

காலையில் பூப் போடும்போது உறை நனைந்துவிடுமோ என்று மேல் தட்டுக்கு மாற்றினேன். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். அச்சு எப்படி என்று பார்க்கத்தான்.

கார்த்திகை 23, திங்கள்

திண்ணப்ப அண்ணன் வந்தார். வழக்கமாகத் தெருவிலிருந்தே ஏதாவது கிண்டலை ஆரம்பித்துக்கொண்டுதான் படியேறுவார். இன்று செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, உட்காராமல் நின்றார். கையில் உறை.

"ஆச்சி, இது நீங்க போட்டதா?"

"மிஷின் அடிச்சதுண்ணே."

"மிஷினுக்குப் பேரு எங்ஙன இருந்து வந்துச்சு?"

உறையை நீட்டினார். 'திண்ணப்பன் – கண்ணாத்தாள் தம்பதியர்.'

"ஒன்பது வருசமா நான் போகாத ஆபீசு இல்லை. பேங்கு, ரேசன் கடை, ஓட்டர் லிஸ்ட்டு. எல்லா எடத்துலயும் அவ இல்லை, அவ இல்லைன்னு என் கையாலயே எழுதிக் குடுத்தேன். இப்பத்தான் ஓஞ்சுச்சு. கோயில் கணக்கு ஒண்ணுலதான் நான் வாயைத் தெறக்காமயே சரியா இருந்துச்சு. அரைன்னு இருந்தா, மிச்ச அரை யாருதுன்னு பாக்குறவுகளுக்குத் தெரியும். அவளுக்கும் அதுல ஒரு எடம் இருந்துச்சு. இப்ப என்னடான்னா தம்பதியரா வரச் சொல்லிருக்கீக."

"கமிட்டியில முடிவு பண்ணுனதுண்ணே. கட்டத்துல அரை ஏறலை."

"இதை வாங்குனதும் ஒரு நிமிசம்…" என்று நிறுத்தினார். "உள்ள திரும்பி, 'இந்தா, அழைப்பு வந்துருக்கு'ன்னு சொல்லிட்டேன் ஆச்சி. வாய்விட்டு. சமையக்காரம்மா என்னையப் பாக்குது."

அவருக்குத் தண்ணீர் கொண்டு வரப் போனேன். திரும்பி வரும்போது அவர் கண் சாமி அறைப் பக்கம் இருந்தது. மேல் தட்டில் என் உறை. எழுத்துத் தெரியும்படி நிறுத்தித்தான் வைத்திருந்தேன்.

அவர் எதுவும் கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, தன் உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கேட்டிருக்கலாம். அவர் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மாலை பிரதோஷத்துக்குப் போகவில்லை.

கார்த்திகை 24, செவ்வாய்

இட்லிக்கு அரைப்படி அரிசி. படி பரண்மேல் இருக்கிறது, இறக்க முடியவில்லை. கால்படி பிடிக்கும் உழக்கை எடுத்து இரண்டு உழக்கு போட்டேன். போட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

பெரிய அளவையால் அளந்தால் அரை. சின்ன அளவையால் அளந்தால் இரண்டு. அதில் அரை என்ற பேச்சே இல்லை, அரிசியும் குறையவில்லை. இரண்டு வாரமாக ½ என்ற குறியை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவையை மாற்றலாம் என்று தோன்றவேயில்லை.

முழுப் புள்ளிக்குப் பத்து. அரைப் புள்ளிக்கு ஐந்து. இரண்டும் முழு எண். குறி கிடையாது, கோடு கிடையாது, குத்துக்கூடக் கிடையாது. இரண்டு, ஒன்று என்றும் வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஏறியிருக்கும் ஒன்றோடு குழம்பும். பத்தும் ஐந்தும்தான் சரி.

அரிசியைக் களையாமலே பிருந்தாவுக்குப் போன் செய்தேன். ஐந்து என்று இருந்தால், இருக்கிறவர் பெயரை மட்டும் அச்சடிக்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"யாரு இருக்காங்கன்னு ஒரு கட்டம் தனியாச் சேத்துக் குடுத்தீங்கன்னாப் பண்ணிரலாங்க. ஏனுங்க மேடம், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"முன்னாடியே தெரிஞ்சாச் சொல்லியிருக்க மாட்டேனா?" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

கார்த்திகை 25, புதன்

சேவுகன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மறுபடியுமா ஆச்சி? அச்சுக்கூடத்துக்காரன் என்னைய அடிக்க வருவான்."

"வந்தா என்னையக் கை காட்டுங்க."

"போறதுன்னு விட்டுறலாம்ல. எல்லாரும் நம்ம ஆளுகதானே. யாரு தப்பா நெனைக்கப் போறாக?"

திண்ணப்ப அண்ணன் விட்டுப்போன உறையை அவர் கையில் கொடுத்தேன். பெயரைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். கண்ணாத்தாள் அவருக்குச் சின்ன வயதில் சோறு போட்ட பெரியம்மா மகள்.

"நூறையும் திருப்பி வாங்கிருவோம்" என்றார்.

கார்த்திகை 26, வியாழன்

எடுத்து வைத்திருந்த பழைய நகலைத் திறந்தேன். ஒன்றெல்லாம் பத்து. ½ எல்லாம் ஐந்து: 43 இடங்களில் மாற்றப்பட்டது என்று செய்தி வந்தது. இருக்கிறவர் பெயருக்குத் தனிக் கட்டம் சேர்த்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தேன். பதினெட்டு ஆண், இருபத்தைந்து பெண். ஒவ்வொருவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தேன். காலையில் உட்கார்ந்தவள் எழுந்தபோது மணி இரண்டு.

பிறகு 418ஐயும் பார்த்தேன்.

அனுப்பியாயிற்று. சாமி அறையிலிருந்த உறையைச் சேவுகனின் ஆளிடம் மற்ற உறைகளோடு சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார், நூறு இருந்தது.

சாப்பிடவில்லை. பசியில்லை.

கார்த்திகை 28, சனி

பத்து மணிக்குப் பிருந்தா கூப்பிட்டாள்.

"மேடம், எல்லாம் ஏறிருச்சுங்க. நீங்க மொதல்ல அனுப்புன ஃபைலையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நானே ஒப்பிட்டுப் பாத்துட்டேன். ஒண்ணெல்லாம் பத்தாயிருக்குது, அரையெல்லாம் அஞ்சாயிருக்குது. ஒரே ஒரு எடத்துல மட்டும் தப்பு விழுந்திருக்குதுங்க."

"எங்க?"

"நானூத்திப் பதினெட்டுங்க. அதுல மொதல்ல ஒண்ணுன்னுதான் இருந்துச்சு. இப்பப் பத்துக்குப் பதிலா அஞ்சுன்னு அடிச்சிருக்கீங்க. கை தவறிருச்சாட்ட இருக்குதுங்க. நானே பத்துன்னு திருத்தி விட்டுரட்டுங்களா?"

அடுப்பில் பால் இருந்தது. தணித்தேன்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். திருத்தாத ஆத்தா. அஞ்சுதான்."

"மொதல்ல ஒண்ணுன்னு…"

"மொதல்ல இருந்ததுதான் தப்பு. அவுக போன வருசம் ஆடியில தவறிட்டாக. அந்த வரியில இருக்கிறது நான்."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது. "அம்மா" என்றாள். இத்தனை நாளில் மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "அப்ப அரை மொத்தம் நாப்பத்தி நாலுன்னு போட்டுக்கட்டுங்களா?"

"போட்டுக்க" என்றேன்.